சுவடியைத் தேடுவோர் அந்தக் கத்தியையும் கேட்கட்டும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஓலைச்சுவடியின் அருமை இப்போது ஓரளவு தெரிந்திருக்கிறது. 1981 மே 31ஆம் திகதி இரவும் மறுநாளும் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு அரிய ஏடுகளும் சாம்பலாகிய துயரம்தான் அந்த அருமையை எங்களுக்கு உணர்த்தியது. இன்று நூலக நிறுவனம் போன்ற அமைப்புகள் ஈழத்து ஏடுகளைத் தேடி எடுத்து எண்ணிமப்படுத்துகின்றன. பாராட்டவேண்டிய பணி. ஆனால் அதில் ஒரு குறை இருக்கிறது. ஏட்டுக்கட்டு கிடந்த அதே பெட்டகத்தின் அடியில், துருவேறிய திறப்புகளோடும் பாக்குவெட்டியோடும், உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு மடக்குக் கருவியும் கிடக்கக்கூடும். ஒரு பக்கம் விரித்தால் சிறு கத்தி. மற்றப் பக்கம் விரித்தால் கூரிய எழுத்தாணி. மடக்கெழுத்தாணி என்பது இதன் பெயர். ஏட்டைப் படமெடுப்பார்கள், அளப்பார்கள், அட்டவணையில் ஏற்றுவார்கள். இந்தக் கருவியோ ஏதோ பழைய வில்லுக்கத்தி என்ற நினைப்பில் மறுபடி பெட்டகத்துக்குள் போகும். இல்லாவிட்டால் பழைய இரும்பு வாங்க வருபவரின் தராசில் ஏறும். ஏட்டைத் தேடிப் போகிறவர்கள் இதையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும், இன்னதென்று இனங்கண்டு ஏட்டோடு சேர்த்தே பதிய வேண்டும். நூறு ஆண்டுகளுக்கு மேலாக யாரும் செய்யாத, இனிச் செய்யவும் தேவையில்லாத ஒரு கத்திக்காக இவ்வளவு மினக்கெட வேண்டுமா என்ற கேள்வி நியாயமானது. அதற்கான பதில் அந்தக் கத்தி செய்த வேலையிலேயே இருக்கிறது.

எழுத்தாணிகளைக் குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்று உ.வே.சாமிநாதையர் வகை பிரித்து எழுதியிருக்கிறார். குண்டெழுத்தாணி கொண்டை கனத்தது, எழுதப் பழகும் பிள்ளைகளுக்கு உரியது. வாரெழுத்தாணியில் கொண்டை இருக்கவேண்டிய இடத்தில் ஓலை வாருவதற்கான சிறு கத்தி இருக்கும். மடக்கெழுத்தாணி கத்தியையும் எழுத்தாணியையும் ஒரு பிடிக்குள் அடக்கியது. இந்த மூன்றில் இரண்டு கத்தியோடு பிறந்தவை என்பதைக் கவனிக்க வேண்டும். ஓலையில் எழுதுவதென்றால் கீறுவது மட்டும்தான் என்று நாங்கள் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் எழுதுபவருக்கு முதல் வேலை வெட்டுவது. குருத்துக்கும் முற்றலுக்கும் இடைப்பட்ட பருவத்துப் பனையோலையைத் தேர்ந்து, நடுவிலுள்ள ஈர்க்கைக் கிழித்தெடுத்து, இரு பாதியையும் ஒரே அகலத்துக்கு வார்ந்து, நுனியையும் அடியையும் நறுக்கி, அவித்து, நிழலில் உலர்த்தி, தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். பிறகு கயிறு கோக்கக் கண் இட வேண்டும். நூறு ஏடுகள் கொண்ட கட்டு ஒன்றின் ஓரம் ஒரே கோடாக நிற்கவேண்டுமானால் வார்ந்த கை நிதானமாகவும் வார்ந்த அலகு கூர்மையாகவும் இருந்திருக்க வேண்டும். அலகு மழுங்கினால் ஓலை வெட்டுப்படாமல் பிரியும். பிரிந்த ஓரத்தில் ஈரம் ஏறும், பூச்சி புகும், எழுத்து உதிரும். ஓர் ஏடு இருநூறு ஆண்டு தாங்கியதென்றால் அதில் எழுத்தாணிக்கு எவ்வளவு பங்கோ அந்தச் சிறு கத்திக்கும் அவ்வளவு பங்குண்டு.

இந்த வேலையின் உறவுக் கருவி குடாநாட்டில் இன்னும் உயிரோடிருக்கிறது. பாய், பெட்டி, கடகம் இழைக்கிற பெண்களின் கையிலுள்ள சத்தகம் செய்வதும் ஓலை வார்தல்தான். சார்வோலையை ஒரே அகலத்தில் வார்ந்து தள்ளும் கை, பழைய ஏடு எழுதுவோரின் கை அறிந்திருந்த அதே அறிவை அறிந்திருக்கிறது. நார் ஓடும் திசை, ஈரப் பதம், அலகைச் சாய்க்கும் கோணம் எல்லாம் அதில் அடக்கம். மடக்கெழுத்தாணியின் கத்தியை விளங்கிக்கொள்ள விரும்பும் ஆய்வாளர் முதலில் போகவேண்டிய இடம் நூலகம் அல்ல, பனையோலை வேலை நடக்கும் திண்ணை. சத்தகம் மடங்காது. ஓரிடத்தில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மடக்கு வேண்டியதில்லை. எழுத்தாணிக்கு ஏன் மடக்கு வந்தது என்று கேட்டால், அந்தக் கருவியைக் கொண்டு திரிந்த மனிதர்கள் கண்முன் வருகிறார்கள்.

மடக்கினால் இரண்டு நன்மை. கூரிய முனை உடையாது, அதை மடியில் செருகியவரின் வயிற்றையும் குத்தாது. ஆகவே இது நடந்து திரிந்தவர்களின் கருவி. திண்ணைப் பள்ளிக்குப் போன சட்டம்பியார், நோயாளியின் வீட்டுக்குப் போன பரியாரியார், பிள்ளை பிறந்த வீட்டில் சாதகம் குறித்த சாத்திரியார், காணி கைமாறும்போது உறுதி எழுதியவர், கோயிலில் புராணம் படித்துப் பயன் சொன்னவர் என்று பழைய யாழ்ப்பாணத்தில் எழுத்தைத் தொழிலாகக் கொண்டவர்களை வரிசைப்படுத்தினால் பாதிப்பேர் வழியில் இருந்தவர்கள். 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தேசவழமையைத் தொகுத்து, தமிழ் முதலிகள் பன்னிருவர் அதைப் பார்வையிட்டு ஒப்புக்கொண்டபோது, அந்தச் சட்டம் கட்டி ஆண்டது முதுசம், சீதனம், தேடியதேட்டம், ஒற்றி, ஈடு முதலிய அன்றாட உடைமை உறவுகளை. இவற்றில் பலவும் எழுத்தை வேண்டுபவை. அந்த எழுத்து அரண்மனையிலும் மடத்திலும் மட்டும் நடக்கவில்லை, வேலியோரத்திலும் முற்றத்திலும் நடந்தது. மடக்கெழுத்தாணி அதற்கான பொருட்சான்று. ஏடு சொல்வது என்ன எழுதப்பட்டது என்பதை. எழுத்து எப்படி ஊருக்குள் நடமாடியது என்பதைச் சொல்ல இந்தக் கருவி வேண்டும். இது என் ஊகம்தான் என்றாலும், ஒரு கருவியின் வடிவத்திலிருந்து அதன் பாவனையை ஊகிப்பது தொல்லியலின் அன்றாட முறை.

இந்தக் கருவியின் பாவனை ஏன் நின்றுபோனது என்பதற்கு ஒரு காரணம் மட்டும் போதாது. 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிசனின் செமினரி தொடங்கியது. 1834இல் மானிப்பாயில் மிசனின் அச்சகம் வேலை தொடங்கியது. 1841இல் உதயதாரகை வெளிவந்தது. மிசனின் அச்சுக்கு மறுமொழியாக 1849ஆம் ஆண்டளவில் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் தமது வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் காணிக் கைமாற்றத்தை நொத்தாரிசின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது. தாளும் மையும் முத்திரையும் அந்த நடைமுறையோடு வந்தன. சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளை 1881இல் வீரசோழியத்தையும் 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சிட்டபோது, தொட்டால் நொறுங்கும் ஏடுகளின் நிலையைத் தம் பதிப்புரைகளில் மனம் நொந்து எழுதினார். நூல்கள் தப்பின. அந்த நூல்களைத் தாளுக்கு ஏற்றியதோடு புதிதாக ஏடு எழுதும் தேவையும் மெல்ல ஒழிந்தது. அதற்காகப் பதிப்பித்தவர்களைக் குறை சொல்ல முடியாது, அந்த வேலையை அவர்கள் செய்யாதிருந்தால் இழப்பு மிகப் பெரிதாக இருந்திருக்கும். சாதகம் எழுதுவதிலும் வைத்தியக் குறிப்பிலும் மாந்திரீகத்திலும் ஓலை இன்னும் சில காலம் தாக்குப்பிடித்தது. பிறகு அங்கும் கொப்பியும் பேனாவும் வந்தன.

ஐரோப்பாவின் கதை இந்த இடத்தில் உதவுகிறது. இறகுப் பேனாவின் முனையைச் சீவத்தான் அங்கும் பேனாக்கத்தி பிறந்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பேர்மிங்காம் ஆலைகள் எஃகு முனைகளைப் பெருந்தொகையாகச் செய்து தள்ளியபோது இறகு சீவும் தேவை ஒழிந்தது. ஆனால் பேனாக்கத்தி ஒழியவில்லை. பழம் வெட்ட, கயிறு அறுக்க, பென்சில் சீவ என்று சட்டைப்பைக்குள் புது வாழ்வு கண்டது. நம்முடைய மடக்குக் கருவிக்கு அந்த மறுபிறப்பு வாய்க்கவில்லை. அதன் ஒரு பாதி எழுத்தாணி. தாளில் அதை வைத்தால் தாள்தான் கிழியும். மற்றப் பாதியான கத்தி வேலைக்கு உதவும் என்றாலும், இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரிலிருந்து கப்பலில் வந்திறங்கிய வில்லுக்கத்தி அதே வேலையை இன்னும் இலகுவாகச் செய்தது. இப்படி இரு பக்கமும் அடிபட்டு நின்றுபோன பொருள் என்பதால்தான் பின்வந்தவர்களுக்கு அது இன்னதென்று தெரியாமல் போனது.

இனங்காணுவதில் உள்ள சிக்கலும் ஷெஃபீல்ட் கத்தியோடு ஒப்பிட்டால் தெளியும். யோசப் றொட்ஜர்ஸ் என்ற புகழ்பெற்ற ஷெஃபீல்ட் நிறுவனம் 1764 முதல் நட்சத்திரமும் மால்டா சிலுவையும் கொண்ட குறியைத் தன் அலகுகளில் பொறித்தது. அரச குடும்பத்துக்குக் கத்தி வழங்கிய அந்த நிறுவனம் அரசரின் பெயரெழுத்தையும் முடியையும் சேர்த்துப் பொறித்தது. ஆகவே விக்டோரியாவின் எழுத்து இருந்தால் 1901க்கு முந்தியது என்று சேகரிப்பாளர் ஓரளவு காலம் சொல்லிவிடலாம்.  அந்தக் கத்திகளைப் பற்றி நூல்கள் உண்டு, பட்டியல்கள் உண்டு, குறிகளின் அட்டவணை உண்டு. நம் கொல்லர் பெயர் பொறிக்கவில்லை. ஆகவே குறியைத் தேடாமல் உருவத்தையே வாசிக்க வேண்டியிருக்கிறது. முதலில் முனையைப் பார்க்க வேண்டும். எழுத்தாணியின் நுனி கூம்பாகக் கூர்ந்து, நுனியில் மிக நுண்ணியதாக, ஆனால் சுரண்டாதபடி மழமழப்பாக இருக்கும். ஓலையின் நாரை அறுக்காமல் மேற்றோலில் பள்ளம் இழுப்பது அதன் வேலை. ஒரு மடக்குக் கத்தியில் முள் இருந்தால் உடனே எழுத்தாணி என்று முடிவுகட்டக்கூடாது. பிரித்தானியக் கடற்படையினரும் மாலுமிகளும் வைத்திருந்த மடக்குக் கத்தியிலும் கயிற்றின் புரி பிரிக்கும் முள் ஒன்று உண்டு. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்த கப்பல். அப்படிப்பட்ட கப்பலோட்டிகளின் ஊர்களில் மாலுமிக் கத்தி கிடைப்பது இயல்பு. அந்த முள் தடித்தது, முனை மொட்டை, எழுத்துக்கு உதவாது. இரண்டையும் அருகருகே வைத்தால் ஒரு சிறு பிள்ளைகூட வேறுபாடு காணும். தனியே பார்க்கும்போதுதான் குழப்பம்.

அடுத்தது மடிப்பு. ஷெஃபீல்ட் கத்தியின் முதுகில் ஒரு எஃகு வில் இருக்கும். அலகை விரிக்கும்போதும் மூடும்போதும் அது அழுத்திச் சொடுக்கி நிறுத்தும். அந்த வில் இல்லாமல், இரு பக்கமும் தட்டி மழுக்கிய ஆணியின் இறுக்கத்தில் மட்டும் அலகு நிற்குமானால் அது கைவேலை என்பதற்கு நல்ல அறிகுறி. வில் இருந்தால் கேள்வி சுவையாகிறது. இறக்குமதியான கத்தியைப் பார்த்து உள்ளூர்க் கொல்லர் தம் வேலையை மாற்றிக்கொண்டாரா, அல்லது வெளிநாட்டுக் கத்தியின் பிடியில் எழுத்தாணி பின்னர் பொருத்தப்பட்டதா? ஒரே பெட்டகத்தில் கிடந்த ஏட்டின் காலம் தெரிந்தால் விடைக்கு வழி கிடைக்கும். கருவியையும் ஏட்டையும் பிரித்துவிட்டால் அந்த வழி அடைபடும். பிடியை அடுத்துப் பார்க்கலாம். பித்தளையா, இரும்பா, கொம்பா, தந்தமா, மரமா, பதித்த கோலம் உண்டா என்பதெல்லாம் உடையவரின் தரத்தைச் சொல்லும். ஆயினும் எனக்கு அதைவிடப் பெறுமதியாகப் படுவது தேய்மானம். மறுபடி மறுபடி தீட்டித் தீட்டி வயிறு ஒட்டிப்போன அலகு, விரல் பட்டுப் பட்டு மழுங்கிய பிடியின் ஒரு மூலை, ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்த முனை எல்லாம் ஒருவர் பல்லாண்டு இதை எப்படிப் பிடித்தார் என்பதற்கான பதிவுகள். இடது பெருவிரல் நகத்தில் ஒரு வெட்டிட்டு அதில் எழுத்தாணியைத் தாங்கவைத்து, ஏட்டை நகர்த்தி நகர்த்தி எழுதுவது பழைய முறை. அந்தக் கைப்பழக்கம் இங்கு அழிந்துவிட்டது. அதன் தடம் இனி இரும்பில் மட்டுமே கிடைக்கும்.

இதற்கு வரும் முதல் மறுப்பு, நூல்தான் முக்கியம், அதை எழுதிய கருவி எதற்கு என்பது. கம்பன் எந்த எழுத்தாணியால் எழுதினான் என்று தெரியாமலே கம்பராமாயணத்தைப் படிக்கிறோமே என்பார்கள். படிக்கலாம், தடையில்லை. ஆனால் ஏட்டை ஏடாகப் படிக்க வேண்டியவர்களுக்கு, அதாவது பதிப்பாசிரியருக்கும் பாதுகாப்பாளருக்கும், கருவி தெரியாமல் வேலை நடக்காது. ஓலையில் புள்ளி குத்தினால் துளை விழும் என்பதால் பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இராது என்று விளக்குவது வழக்கம். எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டுக்கு 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் புது வரிவடிவம் காணவேண்டி வந்ததும் அந்தப் பின்னணியில்தான். இந்த விளக்கம் முழுவதும் சரியா என்று சோதிக்கவேண்டுமானால், உண்மையில் பயன்பட்ட முனைகளை எடுத்து, பதமான ஓலையில் வைத்துப் பார்க்க வேண்டும். வட்ட எழுத்துகள் ஓலை கிழியாதிருக்கவே வந்தன என்ற பரவலான கருத்துக்கும் அதே சோதனை தேவை. ஏட்டின் ஓர வெட்டையும் கத்தியின் அலகையும் நுண்நோக்கியில் ஒப்பிடுவதால் ஒரே கையில் வார்ந்த ஏடுகள் எவை, பின்னர் இடையில் செருகிய ஏடுகள் எவை என்று பிரிப்பதற்கும் இடமுண்டு. பாண்டிச்சேரியிலுள்ள சைவ ஏடுகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தன. ஏட்டுக்கு அந்த மதிப்பு கிடைத்தது மகிழ்ச்சி. ஏட்டை ஆக்கிய பொருட்களுக்கும் அதில் ஒரு சிறு பங்கையாவது உள்ளூரில் நாங்கள் கொடுக்கலாம்.

இரண்டாவது மறுப்பு கனமானது, அதை எளிதாகத் தள்ள எனக்கு மனமில்லை. ஏடும் எழுத்தாணியும் பழைய யாழ்ப்பாணத்தில் ஒரு சிலரின் உடைமை. பெரும்பாலானோருக்குக் கல்வி மறுக்கப்பட்ட காலத்தின் சின்னத்தை ஏன் கொண்டாட வேண்டும்? கேள்வி உண்மையானது. ஆனால் இந்த மறுப்பே கருவியைப் பதிய வேண்டியதற்கான வலுவான காரணமாகவும் எனக்குத் தோன்றுகிறது. ஏட்டின் கடைசியில் எழுதியவர் பெயர் வரும், எழுதுவித்தவர் பெயர் வரும், சிலவேளை ஆண்டும் திகதியும் வரும். பனையில் ஏறி ஓலை வெட்டியவரின் பெயர் வராது. கம்மாலையில் அலகைத் தீயில் காய்ச்சி அடித்தவரின் பெயர் வராது. சுண்ணாம்புக் கல்லால் ஆன குடாநாட்டில் இரும்புத்தாது இல்லை. வெளியிலிருந்து வந்த இரும்பையும் எஃகையும் வாங்கி, அளவறிந்து தோய்ச்சல் கொடுத்து, நெற்கதிரின் கூரை ஒத்த முனையை இழுத்து, இரண்டு அலகுகள் ஒன்றோடொன்று முட்டாமல் ஒரே பிடிக்குள் படுக்கும்படி கணக்கிட்டவர் யாழ்ப்பாணக் கல்வி வரலாற்றின் எந்தப் பக்கத்திலும் இல்லை. அவர் விட்டுப்போன கையெழுத்து இந்தக் கருவி ஒன்றுதான். ஏட்டை மட்டும் காத்தால் எழுதியவரின் வரலாற்றை மட்டும் காக்கிறோம். கத்தியையும் சேர்த்துக் காத்தால்தான் எழுத்தை இயலச்செய்த மற்றவர்களும் வரலாற்றுக்குள் வருவார்கள். அருங்காட்சியகத்தில் இதற்கு எழுதும் குறிப்பில் 'புலவர் பயன்படுத்தியது' என்று மட்டும் போட்டால் போதாது. கொல்லர் வேலை என்பதையும் எழுத வேண்டும்.

மூன்றாவது மறுப்பு நடைமுறை சார்ந்தது. இதற்கு மதிப்பு உண்டென்று பத்திரிகையில் எழுதினால் பழம்பொருள் வியாபாரி முந்திக்கொள்வார், வீட்டிலுள்ளதும் கொழும்பு வழியாக வெளிநாடு போய்விடும் என்று அஞ்சுபவர்கள் உண்டு. அச்சத்துக்கு ஆதாரம் இருக்கிறது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டபோது 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்திய பொருட்களையே தொல்பொருள் என்று வரையறுத்தது. பெட்டகங்களிலுள்ள எழுத்தாணிகளில் பல அதற்குப் பிந்திய 19ஆம் நூற்றாண்டு வேலையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பண்பாட்டுப் பொருட்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த 1988இன் 73ஆம் இலக்கச் சட்டம் உண்டு. ஆனால் பதிவே இல்லாத ஒரு பொருள் காணாமற்போனால் எந்தச் சட்டத்தாலும் அதைத் தேடிப் பிடிக்க முடியாது. மௌனம் இதுவரை இந்தக் கருவிகளைக் காக்கவுமில்லை. 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுவதும் இரவோடிரவாகப் பெயர்ந்தபோது மக்கள் கையில் எடுத்தது உறுதிகளையும் நகைகளையும் பிள்ளைகளையும். இரும்பை யாரும் சுமக்கவில்லை, சுமந்திருக்கவும் முடியாது. போர் முடிந்த பின் உடைந்த வீடுகளிலிருந்து பழைய இரும்பு பாரம் பாரமாகப் போனது. அதற்குள் என்னென்ன போயின என்று இனி யாராலும் சொல்ல முடியாது. எஞ்சியிருப்பதைப் படத்தோடும் அளவோடும் பதிந்துவைத்து, பொருளை உரியவர் வீட்டிலேயே விட்டுவிடுவதுதான் களவுக்கு எதிரான முதல் வேலி. பதிவு இருக்கிற பொருளை வாங்க வியாபாரியும் தயங்குவார்.

செலவைக் காரணம் காட்டவும் இடமில்லை. ஏடு படமெடுக்கப் போகும் குழுவிடம் ஏற்கெனவே நல்ல ஒளிப்படக் கருவி இருக்கிறது. மடக்கிய நிலையில் ஒரு படம், விரித்த நிலையில் இரு பக்கமும், முனையும் ஆணியும் நெருக்கத்தில், பக்கத்தில் ஓர் அளவுகோல், பிறகு நிறை. இவ்வளவுக்கும் ஓர் ஏட்டுக்கட்டைப் படமெடுக்கும் நேரத்தில் சிறு பங்கே போதும். எந்த ஏட்டுக்கட்டோடு, எந்தப் பெட்டகத்தில், யாருடைய வழியில் வந்தது என்ற விவரத்தை வீட்டுப் பெரியவர் சொல்லும்போதே எழுதிவிட வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வரலாறு, தொல்லியல் மாணவர்கள் இதைத் தம் களப்பணியில் சேர்த்துக்கொண்டால் சில ஆண்டுகளில் குடாநாட்டுக்கென்று ஒரு வகைப்பட்டியலே உருவாகும். கேரளத்திலும் தென்னிலங்கையிலும் கிடைக்கும் எழுத்தாணிகளோடு அதை ஒப்பிட்டால் எது எங்களுடைய வேலைப்பாடு, எது கடல் கடந்து வந்தது என்று பேசத் தொடங்கலாம். தாளிப்பனையின் அகன்ற ஓலையில் எழுதிய சிங்களவருக்கும் பனையின் ஒடுங்கிய ஓலையில் எழுதிய எங்களுக்கும் கத்தியின் அளவிலும் வேறுபாடு இருந்ததா என்பது அப்போது சோதித்துப் பார்க்கக்கூடிய கேள்வியாகும்.

வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். சரசுவதி பூசைக்கு ஏடுகளோடு எழுத்தாணியையும் வைத்துக் கும்பிடுகிற வீடுகள் இன்னும் இருந்தால், அந்தப் பக்திதான் இவற்றை இதுவரை காத்தது, அதற்கு நன்றி. ஆனால் பூசைக்கென்று புளி போட்டுத் துலக்கக் கூடாது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவும் கூடாது. பளபளப்பு வரும், ஆனால் தேய்மானத்தின் தடமும் இரும்பின் பழைய மேற்பரப்பும் போய்விடும்.  உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, கடற்காற்றின் உப்பு படாதபடி மூடி வைத்தால் போதும். இறுகிப்போன மடிப்பை வலிந்து திறக்கவும் வேண்டாம். ஆணி முறிந்தால் பிறகு அது இரண்டு துண்டு இரும்புதான்.

இன்னொன்றையும் இப்போதே செய்யவேண்டியிருக்கிறது. குடாநாட்டில் கம்மாலை வைத்துப் பாளைக்கத்தியும் சத்தகமும் மண்வெட்டியும் அடித்த தலைமுறை முதுமையடைந்துவிட்டது. எழுத்தாணி செய்ததாக அவர்களில் யாரும் சொல்லப்போவதில்லை, அது அவர்களின் பாட்டன்மார் காலத்து வேலை. ஆனால் ஒரு பழைய மடக்கெழுத்தாணியைக் கையில் கொடுத்தால், ஆணி எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கப்பட்டது, அலகுக்குத் தோய்ச்சல் எவ்வளவு தூரம் போயிருக்கிறது, பிடியின் பிளவு அரத்தால் ஆனதா உளியால் ஆனதா என்று பார்த்தவுடன் சொல்லக்கூடியவர்கள் அவர்களே. பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் ஒலிப்பதிவுக் கருவியோடும் இரண்டு மூன்று எழுத்தாணிகளோடும் அந்தக் கம்மாலைகளுக்குப் போய் அவர்கள் சொல்வதைப் பதிந்துகொண்டு வரவேண்டும். அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்க அவகாசமில்லை.